இரவல் பிறந்தநாள்

1

ஊரில் இருக்கிறவர்களுக்கு ஜூன் மாதக் கடைசி என்றால் பள்ளி திறந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிக்கிற காலம். மெல்பர்னில் எங்களுக்கு அது நடுக்குளிர்காலம். சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும். ஏழு மணிக்குள் சாப்பிட்டு முடித்து, ஹீட்டர் காற்று வருகிற துவாரத்தின் மேல் ஆளாளுக்கு இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவோம்.

போன வாரம் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் என் மகள் நிவேதா, எங்களுக்கு நிவி, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, கேன் ஐ ஹேவ் இட் பேக்? அந்த ஜூலை பர்த்டேய?"

என் கணவர் மாரிமுத்து சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஸ்கூல்ல எல்லாரும் கேக்கறாங்கப்பா, நீ ஏன் பார்ட்டியே வெக்கிறதில்லன்னு. திஸ் இயர் ஐ வான்ட் எ பார்ட்டி."

"எடுத்துக்கோடா. உன்னோடதுதானே" என்றார் அவர். அதற்கப்புறம் அந்தச் சப்பாத்தியை, ஏதோ எறும்புக்குப் போடப் போகிறவர் மாதிரி, பொடிப்பொடியாகக் கிழித்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. கொடுத்ததைக் கேட்பது என்ன பழக்கம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், சும்மா இரு என்று.

பிறந்தநாளை எப்படிக் கொடுத்து வாங்க முடியும் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டில் முடியும். அந்தக் கதையைச் சொல்ல இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

2

ராஜபாளையத்தில் என் பிறந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் நட்சத்திரம்தான். தேதி என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் சொல்வதற்காக வைத்திருப்பது. என் அப்பா தினமும் காலையில் நாட்காட்டித் தாளைக் கிழித்ததும், குடும்பத்தில் யாருடைய நட்சத்திரமாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். நான் கடல் கடந்து வந்தது அவரைப் பொறுத்தவரை ஒரு சின்னச் சிரமம். ஒருநாள் முந்தியே போன் செய்ய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

"நாளைக்கு ஆனி ரோகிணிம்மா. பிள்ளைக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டு. இனிப்பு எதாவது பண்ணு."

அது 2011. நிவி அப்போது ப்ரெப் வகுப்பில் இருந்தாள். ஒன்றாம் வகுப்புக்கு முந்தின வகுப்பு அது. மறுநாள் விடியற்காலை, வெளியே புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கும்போது, அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தலை காய சாம்பிராணி போட வழியில்லை. போட்டால் ஸ்மோக் அலாரம் தெருவையே எழுப்பிவிடும். ஹேர் டிரையரால் காயவைத்து, நெற்றியில் திருநீறு பூசி, "இன்னைக்கு உன் பிறந்தநாள்டா தங்கம், உனக்கு ஆறு வயசு" என்று சொன்னேன்.

முந்தின நாளே ரவா லட்டு பிடித்து வைத்திருந்தேன். அவள் பள்ளியில் எந்தக் கொட்டைப் பருப்பும் கொண்டுவரக் கூடாது. யாரோ ஒரு குழந்தைக்கு ஆகாது. அதனால் முந்திரி கிடையாது, வெறும் திராட்சைதான். முந்திரி இல்லாத ரவா லட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மதியம் சாப்பிட அவள் டப்பாவில் இரண்டு வைத்து அனுப்பினேன்.

அவள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் குழந்தையை ஒரு தனி நாற்காலியில் உட்காரவைத்து, மஞ்சள் அட்டையில் ஜிகினா ஒட்டிய கிரீடம் வைத்து, எல்லோரும் பாடுவார்கள். அன்று புதன்கிழமை, அவளுடைய டீச்சர் விடுப்பு. பதிலுக்கு வந்திருந்த டீச்சரிடம் இவள் லட்டு டப்பாவைத் திறந்து காட்டி, "இட்ஸ் மை பர்த்டே" என்றிருக்கிறாள். அந்தப் புண்ணியவதி உடனே கிரீடத்தை எடுத்துவிட்டார். சாயங்காலம் பள்ளி வாசலில் கிரீடத்தோடு நின்றவளை நீங்கள் பார்க்கணுமே. சீட் பெல்ட் போடும்போதுகூடக் கழற்றவில்லை.

நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பள்ளிப் பதிவில் இருக்கிற தேதிப்படி அவள் பிறந்தநாள் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பது என் நினைவிலேயே இல்லை.

3

அந்த வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கு இரண்டு வார விடுமுறை. விடுமுறையில் பிறந்தநாள் வருகிற குழந்தைகளுக்கு ஏமாற்றமாக இருக்கக் கூடாது என்று, கடைசி நாளிலேயே அவர்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடிவிடுவார்கள். வழக்கமான டீச்சர் திரும்பி வந்திருந்தார். நல்ல மனுஷி. சுவரில் மாட்டியிருந்த பிறந்தநாள் அட்டவணையைப் பார்த்து மூன்று பெயரைக் கூப்பிட்டார். அதில் ஒன்று நிவி.

இவள் எழுந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்திருக்கிறது. "ஷி ஆல்ரெடி ஹேட் ஹெர்ஸ்! ஷி இஸ் எ லையர்!"

எல்லாக் குழந்தைகளும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறார்கள். புதன்கிழமை பாடியவர்கள் அவர்கள்தானே. டீச்சர் இவளருகில் குனிந்து, எது உன் நிஜமான பிறந்தநாள் என்று அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். இவள் யோசித்து, என் நட்சத்திரம் வந்தது என்கிற அர்த்தத்தில், "மை ஸ்டார் கேம்" என்று சொன்னாளாம். வகுப்பே சிரித்துவிட்டது.

சாயங்காலம் வாசலில் டீச்சர் என்னிடம் விசாரித்தார். வேலையிடத்தில் நான் ஆங்கிலத்தில் சண்டையே போடுவேன். ஆனால் நிலா ஒரு சுற்று சுற்றி, பிறந்த அன்று எந்த நட்சத்திரத்தோடு இருந்ததோ அதே நட்சத்திரத்துக்கு, அதே தமிழ் மாதத்தில் திரும்பி வருகிற நாள் என்பதை, முதுகில் புத்தகப் பை தொங்கும் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் சொல்ல முயன்றபோது நாக்கு பின்னிக்கொண்டது. "ஓ, ஹௌ லவ்லி" என்றார் டீச்சர். இந்த ஊரில் "ஹௌ லவ்லி" என்றால் பேச்சு முடிந்தது, கிளம்பலாம் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்ததும் நிவி கிரீடத்தைத் தேடி எடுத்துத் தன் முதுகுப் பையின் அடியில் திணித்துக்கொண்டாள்.

"சண்டே எனக்கு பர்த்டே வேணாம்மா. ஐ யூஸ்ட் இட் அப்."

"அப்படியெல்லாம் தீந்து போகாதுடா. அதுவும் உன் பர்த்டேதான்."

"அன்னைக்கும் பர்த்டேன்னு சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்ல? நான் லையர் இல்ல."

குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. தன் வாய்ச்சொல்லைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள். அதற்காக ஒரு பிறந்தநாளையே விட்டுத் தருகிறாள். ஆறு வயதில் எனக்கு அவ்வளவு ரோஷம் இருந்ததா என்று தெரியவில்லை.

மாரிமுத்து முதலில் கேலி செய்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும், "சரி, ஞாயித்துக்கிழமை யாரும் அதப் பத்திப் பேச மாட்டோம், ப்ராமிஸ்" என்றார். பிறந்தநாளைக் கொண்டாடாமல் இருக்க ஒரு குடும்பமே திட்டம் போட்டது அன்றுதான்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை சிட்னிக்குக் கிளம்பினோம். அங்கே கெல்லிவில்லில் என் தங்கை கலா இருக்கிறாள். விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போவது முன்பே முடிவானது. புளியோதரை, தயிர்சாதம், மீதி ரவா லட்டு, இரண்டு வயதான சின்னவன் கதிருக்கு மாற்றுத் துணி ஒரு மூட்டை என்று கார் நிரம்பிவிட்டது.

பக்கத்து வீட்டுச் சுகந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். விஷயம் முழுவதும் அவருக்குத் தெரியும். டிரெஸ்ஸிங் கவுனோடு ஓடிவந்து கார் கண்ணாடி வழியாக ஒரு டப்பாவை என் மடியில் வைத்தார்.

"பயத்தம் பணியாரம். வழியில பிள்ளைக்குக் குடும்."

"அக்கா, வாழ்த்துகீழ்த்துன்னு எதுவும் சொல்லிடாதீங்க" என்று கிசுகிசுத்தேன்.

"ஓம், ஓம், நான் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனா இண்டைக்குப் பிள்ளை இனிப்பில்லாமல் வெளிக்கிடக் கூடாது" என்று அதைவிடச் சத்தமாகக் கிசுகிசுத்தார். நல்லவேளை, நிவி பின்சீட்டில் தம்பியோடு ஜன்னலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மெல்பர்னிலிருந்து சிட்னி போகிற நெடுஞ்சாலையில் பாதி வழிக்குச் சற்று முன்னால் ஹோல்புரூக் என்று ஒரு சின்ன ஊர். கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஊர் நடுவில், புல்வெளியில், ஒரு நீர்மூழ்கிக் கப்பல் படுத்திருக்கும். அதன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். காற்று காதை அறுத்தது.

நிவி ரவா லட்டை மட்டும் தொடவில்லை. பணியாரத்தைக் கடித்தபடி திடீரென்று கேட்டாள். "அப்பா, உங்களுக்கு எத்தன பர்த்டே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தயிர்சாதத்தைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணுகூட இல்லடா."

"பொய். மே மாசம் ஆபீஸ்ல கேக் வெட்னீங்களே."

"அது எங்க ஹெட்மாஸ்டர் குடுத்தது."

விருதுநகர் பக்கத்துக் கிராமத்தில் அவரைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனபோது, பிறந்த தேதி கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தலைமையாசிரியர், "டேய், வலது கைய தலைக்கு மேல போட்டு இடது காதத் தொடு" என்றிருக்கிறார். விரல் நுனி காதில் பட்டுவிட்டது. பட்டால் ஐந்து வயது. அவ்வளவுதான், ஜூனில் பள்ளி திறப்பதற்குத் தோதாக மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். என் கணவருடைய பாஸ்போர்ட், விசா, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அந்த ஒரு காதைத் தொட்டதில் முளைத்தவை.

"அப்ப உங்கம்மாவுக்குத் தெரியாதா?"

"மாரியம்மன் பொங்கல் முடிஞ்ச மறுவாரம்னு சொல்லுவாங்க. அதான் மாரிமுத்துன்னு பேரு. எந்த வருஷம்னு கேட்டா மழை பெய்யாத வருஷம்பாங்க. எங்க ஊர்ல எந்த வருஷமும் மழை பெய்யாது."

நான் சிரித்தேன். நிவி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, கோட்டின் கனத்த கையைத் தலைக்கு மேல் போட்டு, இந்தப் பக்கக் காதைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நன்றாகவே பட்டது.

நான் இத்தனை வருடம் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்ட விஷயம் இது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனால் கவுண்டரில் இருக்கிற பெண் திரையைப் பார்த்துவிட்டு, போன வாரம் உங்கள் பிறந்தநாள் ஆயிற்றே, வாழ்த்துகள் என்பாள். இவர் யாருக்கோ வந்த வாழ்த்தை வாங்கிக்கொள்கிறவர் மாதிரி நெளிவார். கோயிலில் குருக்கள் எங்கள் எல்லோருடைய நட்சத்திரத்தையும் கேட்டுவிட்டு இவரிடம் வரும்போது, "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கைகூப்பிக்கொள்வார். ஏதோ பெரிய பக்தி என்று முதலில் நினைத்திருந்தேன். சொல்ல நட்சத்திரம் இல்லை, அதுதான் காரணம்.

"தட்ஸ் நாட் ஃபேர்" என்றாள் நிவி. அதற்குப் பிறகு காரில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தோம்.

5

கலாவிடம் விஷயத்தைச் சொல்ல வழியில் இரண்டு முறை கூப்பிட்டேன். அவள் போனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பது கதவு திறந்ததும் தெரிந்தது. முட்டை போடாமல் தன் கையாலேயே ஒரு கேக் செய்து, மேலே ரோஸ் கலரில் நிவி என்று எழுதி, ஆறு என்ற எண் வடிவ மெழுகுவர்த்தியைக் குத்தி, அவளும் அவள் வீட்டுக்காரரும் வாசலிலேயே பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

நிவி அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"எனக்கு இன்னைக்கு பர்த்டே இல்ல! நான் சொன்னேன்ல! ஐ'ம் நாட் எ லையர்!" என்று அவள் அழ, பார்த்துக்கொண்டிருந்த கதிரும் அழ, கலாவின் முகம் செத்துப்போய்விட்டது. நான் அவளை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் நடந்ததை அவசரமாகச் சொன்னேன்.

"அய்யோ, கேக்க உள்ள வெச்சிரட்டுமாக்கா?" என்றாள் அவள்.

அதற்குள் வெளியே அழுகை நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன். நிவி நடுக்கூடத்தில் உட்கார்ந்து தன் முதுகுப் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அடியில் நசுங்கிக் கிடந்த கிரீடம் வெளியே வந்தது.

"அப்பா, இங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். குழந்தைத் தலைக்கு அளவெடுத்த கிரீடம் அவர் உச்சந்தலையில் தொப்பி மாதிரி நின்றது. அப்புறம் அவள் என்னிடம் லட்டு டப்பாவைக் கேட்டாள். ஒவ்வொரு லட்டாக எடுத்து, கேக்கில் தன் பெயர் இருந்த இடத்தை மறைத்து வரிசையாக வைத்தாள்.

"எனக்கு ரெண்டு பர்த்டே இருக்கு. அப்பாக்கு ஒண்ணுகூட இல்ல. சோ இது அப்பாவோடது."

பொய்யும் இல்லை, பாழாகவும் இல்லை. எங்கள் யாருக்கும் தோன்றாத கணக்கு அது.

"அப்ப அப்பாக்கு ஆறு வயசா?" என்றார் என் தங்கை வீட்டுக்காரர், மெழுகுவர்த்தியைக் காட்டி.

நிவி யோசித்தாள். மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். "இன்னைக்குத்தான புதுசா வந்துச்சு. அப்ப ஜீரோ."

எல்லோரும் பாடினோம். ஆபீஸில் அவருக்கு எத்தனையோ தடவை பாடியிருக்கிறார்கள். ஆனால் இப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிரீடம் விழுந்துவிடாமல் ஒரு கையால் பிடித்தபடி, கலங்கின கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் துண்டை வெட்டி நிவிக்கு ஊட்டினார். அவள் அதை விழுங்கிவிட்டு விரலை ஆட்டிச் சொன்னாள்.

"இரவல்தான், ஓகே? நான் கேட்டா திருப்பித் தரணும்."

இரவல் என்ற சொல் அவள் நூலகத்துக்குப் போகும்போது என்னிடம் கற்றுக்கொண்டது.

6

போன வருடம் ஒன்று என்ற மெழுகுவர்த்தியோடு அவருக்குக் கேக் வெட்டினோம். அவர் அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டார். மே மாதத்துப் பிறந்தநாளுக்கு அவர் ஒருநாளும் லீவு போட்டதில்லை. நிவிக்கு நாங்கள் ரோகிணியோடு நிறுத்திக்கொண்டோம்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. முன்பெல்லாம் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். இப்போது ஆங்கிலத்தில் தொடங்கி, எனக்குக் கோபம் வரும் என்று தோன்றினால் மட்டும் தமிழில் முடிக்கிறாள். இந்த வருடம் ரோகிணி, ஜூலைத் தேதிக்குப் பின்னால் வருகிறது. என் அப்பா வழக்கம்போலப் போன் செய்ததும், "ஓகே தாத்தா, பட் நோ ஆயில், ஒன்லி ஷாம்பூ" என்று பேரம் பேசினாள். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். என் விஷயத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூடக் குறைத்துக்கொள்ளாத மனிதர்.

ஆக, அவள் தேதியைத் திருப்பிக் கேட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவளுடையதுதான். ஆனால் இவர் அந்த வாரம் முழுவதும் ஒரு சுற்று இளைத்த மாதிரி நடமாடினார். லீவு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். "பார்ட்டிக்கு ஆள் வேணும்ல, பலூன் ஊதணும், அதுக்குப் போட்டிருக்கேன்" என்றார். நாற்பது வயது ஆள் பிறந்தநாள் போய்விட்டது என்று வருத்தப்படுவதை வெளியே சொல்லவும் முடியாது. பார்ட்டிக்கு முந்தின நாள் நான் முந்திரி போட்டே ரவா லட்டு பிடித்து, பார்ட்டித் தட்டுகளோடு சேராமல் அவருக்குத் தனியாக எடுத்து வைத்தேன்.

நேற்றுத்தான் பார்ட்டி. நிவியின் சிநேகிதிகள் வந்தார்கள். பீட்சா, சிப்ஸ், கூச்சல். இவர் பலூன்களை ஊதிக் கட்டிவிட்டு, யாருக்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று கராஜுக்குப் போய், ஏற்கெனவே துடைத்த காரை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேக் கொண்டுவந்து வைத்ததும் நிவி எட்டு என்ற மெழுகுவர்த்தியை ஒரு ஓரத்தில் குத்தினாள். ஃபிராக் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து எதிர் ஓரத்தில் குத்தினாள். இரண்டு. அதை எப்போது வாங்கி வைத்தாளோ, எனக்குத் தெரியாது.

"ஆர் யூ எய்ட்டி டூ?" என்று ஒரு பெண் கேட்க, மற்றதெல்லாம் உருண்டு சிரித்தன.

"நோ. தட்ஸ் மை டாட்ஸ். ஐ கேவ் ஹிம் மை பர்த்டே, நவ் வீ'ர் ஷேரிங்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கராஜ் பக்கம் திரும்பிக் கத்தினாள். "அப்பா! வாங்கப்பா! நீங்க இல்லாம எப்படி ஊதறது?"

அவர் துடைக்கிற துணியோடு வந்து கேக்குக்கு முன்னால் நின்றார். பாடினார்கள். அவள் பெயரைச் சொல்லிவிட்டு, அப்பா என்றும் சேர்த்துப் பாடினார்கள், அந்த வெள்ளைக்காரக் குழந்தைகள். நிவி ஒரே மூச்சில் தன் எட்டை ஊதி அணைத்தாள். இவர் குனிந்தார். உதட்டைக் குவித்தார். மூச்சு வரவில்லை.

நிவி சுற்றிவந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ரெண்டு வயசுதான ஆகுது, தனியா ஊத வராது" என்று சொல்லி, அவர் கன்னத்தோடு கன்னம் வைத்து, சேர்ந்து ஊதினாள்.